நடுவில் விழுந்த எங்கள் லயம்

தானா ராத்தா டவுன் அடுக்குமாடிக்குக் குடிவந்த பிறகும் அந்தத் தாளை நான் எறியவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களும் பலகாரங்களும் புள்ளிகளாகக் கிடக்கும் படம் அது.

கோயில் திருவிழாக் காலையில் எல்லாரும் பசியாற, ஒவ்வொரு லயமும் ஒன்றைச் சமைக்கும். யார் எதை என்பதில் வருடா வருடம் சண்டை. லீவில் வந்திருந்த எனக்குக் கை துறுதுறுத்தது. பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் கரஸ்பாண்டன்ஸ் அனாலிசிஸ் படித்திருந்தேன். எண்ணிக்கை அட்டவணையைப் படமாக்கும் வித்தை. வீடு வீடாகப் போய், பிடித்தது எது என்று கேட்டு வந்து, கணினியில் போட்டேன்.

மேட்டு லயம் இட்லிப் பக்கம் சாய்ந்தது. ஸ்டோர் லயம் பொங்கல் பக்கம், இன்னொன்று தோசைப் பக்கம். எங்கள் ஆற்று லயமோ படத்தின் குறுக்குக் கோடும் நெடுக்குக் கோடும் வெட்டிக்கொள்ளும் நடு இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

கோயில் கமிட்டி அண்ணன் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஆத்து லயத்துக்குன்னு ஒண்ணுமே இல்லலா! நீங்க தட்டு மங்கு கழுவுங்க."

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. லயம் காலியாகப்போகிறது, அங்கிருந்து அம்மா சமைக்கும் கடைசித் திருவிழா அது.

"நடுவுன்னா காலின்னு அர்த்தம் இல்லண்ணா," என்றேன். ஒரு சந்தேகம் எனக்கும் இருந்தது: படத்தில் சரியாக அடங்காத புள்ளியும் நடுவில் தெரியும். அட்டவணையைப் புரட்டினேன். இல்லை, அசல் நடுவேதான். "இங்க பாருங்க. தோட்டம் பூரா எத எந்த அளவுல கேக்குதோ, எங்க லயமும் அதே அளவுல கேக்குது. மொத்தக் கணக்கவிட எதையும் கூடக் கேக்கல, கொறச்சும் கேக்கல."

"அப்ப உங்கள எதுல போடுறது?"

"இட்லிக்கும் பொங்கலுக்கும் தோசைக்கும் எது ஒத்துப்போகும்?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "சாம்பாரா? ஏய், படிச்ச புள்ள வீட்டுக்கு வழி பண்ணிட்டா பாரு!"

"பேச்ச விடுப்பா, பெரிய குண்டான எடுத்துத் தா," என்றார் அம்மா அண்ணனிடம்.

திருவிழா அன்று காலை பனிக்குள் எல்லா லயத்து வாளிகளும் எங்கள் அடுப்பைத் தேடித்தான் வந்தன.

இங்கே அடுக்குமாடியில் சின்ன அடுப்பு, நாங்கள் இரண்டே பேர். அம்மாவுக்கு இன்னும் அளவு குறைக்க வரவில்லை. சாம்பார் கிண்ணத்தோடு மாடி மாடியாகக் கதவு தட்டுவது என் வேலை.