மௌனம் என்று அட்டை மாட்டியவன்

பத்து அறைகளின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, யாருடைய வாழ்க்கைக்குள்ளும் நுழையாமல் உட்கார்ந்திருப்பதுதான் லாட்ஜ் மேனேஜர் வேலை. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கூப்பிடு தூரத்தில், தொண்ணூறுகளில் நான் அப்படி உட்கார ஆரம்பித்தேன். மேஜைக்குப் பின்னாலேயே எனக்கும் ஒரு கட்டில். கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்கிறவர்கள்கூட ஓய்ந்துவிட்டார்கள். ‘வெந்நீர் ஆறு மணிக்கு’ என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் நாளை ஓட்டியிருக்கும் சக லாட்ஜ்காரர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அட்டை

தியானத்துக்கென்றே ஆட்கள் வரும் எங்கள் ஊரில் ஒருவர் திடீரென்று பேச்சை நிறுத்தினால் யாரும் பதற மாட்டார்கள். மௌன விரதம் என்று நினைத்துக்கொண்டு வழிவிட்டு நகர்வார்கள். எங்கள் லாட்ஜிலும் வாரத்துக்கு இரண்டு பேராவது வாயைப் பூட்டிக்கொள்வார்கள். அவர்களை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று பழைய காலண்டர் அட்டைகளை வெட்டி, சிவப்பு மையில் ‘மௌனம்’ என்று எழுதி, நூல் கட்டி வைத்திருந்தேன். கேட்டால் கதவில் மாட்டுவேன். கேட்காவிட்டாலும் மாட்டுவேன், மௌனிகளை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டதாக எனக்கு நினைப்பு.

அறைகளைப் பெருக்கும் சரசாவுக்கு அந்த அட்டைகளைக் கண்டாலே ஆகாது. அடி அண்ணாமலையிலிருந்து நடந்து வருகிறவள், வந்த வேலையை முடித்துவிட்டுப் போக வேண்டும் அவளுக்கு. “அட்டை தொங்கினா உள்ள உட மாட்டீங்க. அப்பால ரூம் நாறுதுனு என்னையே கத்துவீங்க.”

ஏழாம் நம்பர்

ராகவன் சார் ரயில்வே டிக்கெட் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் இங்கே வந்து ஏழாம் நம்பர் அறையில் நிரந்தரமாகத் தங்கிவிட்டார். மற்றவர்கள் பேச்சைக் குறைக்க வரும் ஊருக்கு, பேசுவதற்கென்றே வந்த மனிதர். காலை ஏழு மணிக்கு டீயோடு என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தால் கதைகள் கிளம்பும். தப்பான ரயிலில் ஏறித் தன் கல்யாணத்தைத் தானே தவறவிட்ட மாப்பிள்ளை. ஆட்டுக்குட்டிக்கு அரை டிக்கெட் கேட்டு அடம்பிடித்த கிழவர். எல்லாவற்றையும் நூறு தடவை கேட்டிருப்பேன். அலுத்துக்கொள்வது போல நடிப்பேன். உண்மையில் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் காலையில் எழுந்தேன்.

என் நடிப்பு அவருக்கும் தெரியும். “சலிப்பா இருந்தா சொல்லிடுப்பா, நான் செவுத்துகிட்ட பேசிக்கிறேன்” என்பார்.

அந்தக் காலை

ஒரு நாள் ஏழு மணிக்கு அவர் வரவில்லை. எட்டு மணிக்கு நானே டீயை எடுத்துக்கொண்டு போனேன். கதவு திறந்திருந்தது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “என்ன சார், ஆளையே காணோம்?” என்றேன். என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. இடது கையை மட்டும் ஆட்டினார்.

எனக்குச் சுருக்கென்றது. கவலையால் இல்லை, கோபத்தால். இத்தனை நாள் பழகிவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இவரும் மௌனத்தில் உட்கார்ந்துவிட்டாரே என்று. ‘வா’ என்று ஆட்டிய கையை ‘போ’ என்று எடுத்துக்கொண்டேன். டீயைப் பக்கத்து ஸ்டூலில் வைத்தேன். கதவைச் சாத்தினேன். அட்டையை மாட்டினேன். அன்று காலை முழுக்க அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மதியம் இரண்டரை மணிக்குச் சரசா அட்டையை ஒதுக்கித் தள்ளிவிட்டு உள்ளே போனாள். அவள் போட்ட சத்தத்தில் ஓடினேன். சட்டையெல்லாம் டீ கொட்டியிருந்தது. வாய் வலது பக்கம் தொங்கிக் கிடந்தது. அவருடைய இரண்டு கைகளையும் சரசா தூக்கிவிட்டாள். இடது கை நின்றது. வலது கை ஈரத்துணி மாதிரி விழுந்தது. அவர் கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

“மௌனம்னா வாயிதானே சார் மூடும்? கை இன்னாத்துக்கு விழுது?”

டாக்டர் கேட்டது

“எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?” என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். “எட்டு மணிக்கே பேசலை” என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே கால். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பக்கவாதம், மூளைக்குப் போகிற ரத்தம் அடைபட்டிருக்கிறது, நேரம் போகப் போக மூளையில் சேதம் கூடிக்கொண்டே போகும் என்றார். பேச்சு திரும்புமா என்று கேட்டேன். என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்.

“வாய் கோணுதா, கை எறங்குதா, பேச்சு குழறுதா, பாருங்க. திடீர்னு மூணுல ஒண்ணு வந்தாலும் போதும். மணியைப் பார்த்துக்குங்க, வாய்க்கு எதுவும் குடுக்காதீங்க, உடனே வண்டியைப் பிடிங்க. இதுக்கு டாக்டரா இருக்க வேணாம்ங்க, பக்கத்துல இருந்தாப் போதும்.”

டிரில்

ராகவன் சாரை அவருடைய அக்கா மகன் வந்து சென்னைக்கு அழைத்துப்போனார். நான் அட்டைகளையெல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டேன். அதன்பிறகு யார் மௌனம் என்றாலும் அவர்களை நான் விடுவதில்லை. சிரிக்கச் சொல்வேன், இரண்டு கைகளையும் தூக்கச் சொல்வேன், “ஒரே ஒரு வாக்கியம் பேசிட்டு அப்புறம் மௌனமா இருங்க” என்று கெஞ்சுவேன். ஜெர்மன்காரம்மா ஒருவர் மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். நான்காம் நாள் சிரித்துக்கொண்டே கைகளைத் தூக்கிக் காட்டிவிட்டு அறையைக் காலி செய்தார். முதலாளி கூப்பிட்டுக் கண்டித்தார். ஆட்டோ ஸ்டாண்டில் நான்தான் பொழுதுபோக்கு.

அங்கே ஆட்டோ ஓட்டும் ஏழுமலை ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்தே கத்துவான்: “இன்னா சார், உங்க லாட்ஜுல ரூம் வேணும்னா டிரில் எடுக்கணுமாமே?”

மோந்து பார்த்தவர்கள்

அதே ஏழுமலைதான் ஆறு மாதம் கழித்து, காலையில் டீக்கடையில் கிளாஸை நழுவவிட்டான். ஏதோ சொன்னான், குழறியது. விடிந்ததும் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்று சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எதிரே பூக்கட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி ஓடிவந்து வாயை மோந்து பார்த்தாள். நாற்றம் இல்லை என்றதும் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். நான் அவன் எதிரே போய் நின்று சிரிக்கச் சொன்னேன். பாதி வாய்தான் சிரித்தது. கையைத் தூக்கச் சொன்னேன். இடது கை பாதியிலேயே இறங்கியது. மணி ஏழு பத்து. அவனுடைய ஆட்டோவிலேயே அவனைப் போட்டு, ஸ்டாண்டுக்காரர் ஒருவரை ஓட்டச் சொன்னேன். ஏழரைக்குள் டாக்டர் முன்னால் இருந்தோம்.

இரண்டு மாதத்தில் தன் காலாலேயே நடந்து லாட்ஜுக்கு வந்தான். இடது கையில் கொஞ்சம் மரமரப்பு மட்டும் மிச்சம். “எல்லாரும் என் வாயைத்தான் மோந்து பார்த்தாங்க சார். நீங்க ஒர்த்தர்தான் மூஞ்சியப் பார்த்தீங்க.”

ஒரு மணி நேரம்

அடுத்த வருஷம் ராகவன் சாரை அக்கா மகன் சாமி கும்பிட அழைத்து வந்தார். கையில் ஊன்றுகோல். பேச்சு வரவே இல்லை. என் மேஜைக்கு எதிரே உட்கார வைத்தோம். அட்டை மாட்டிய விஷயத்தை அவரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். மன்னித்தாரா என்று தெரியாது. கேட்டு முடித்துவிட்டு, அவர் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தார். வெறும் சத்தம்தான், சொல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஏற்ற இறக்கம் எனக்குத் தெரியும். மாப்பிள்ளை தப்பான ரயிலில் ஏறுகிறான். ‘ஐயோ’ சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஐயோ’ என்றேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன். அவரும் பாதி வாயால் சிரித்தார். அவர்கள் போனபின் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதற்கு முன், படியில் இறங்கும்போது அக்கா மகன் கேட்டது இதுதான்: “வீட்ல எங்க யாருக்குமே புரியல சார். உங்களுக்கு மட்டும் எப்படிங்க புரியுது?”

சரசாவின் கூடுதல் வேலை

எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. பிரஷர் ஜாஸ்தி என்கிறார் டாக்டர். பக்கத்தில் இருந்தால் போதும் என்று அன்றைக்குச் சொன்னாரே, என் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சரசாவிடம் கேட்டேன். தினமும் அவள் வந்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் எதிரே நிற்கிறாள். நான் சிரிக்கிறேன், கைகளைத் தூக்குகிறேன், என் பெயரையும் ஊரையும் சொல்கிறேன். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்கிறாள்.

“கோணல் ஒண்ணும் இல்ல சார். எப்பவும் போல சோகமாத்தான் கீது.”

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு என்பதால், அன்றைக்கு மட்டும் டீக்கடையில் யாரிடமாவது வேண்டுமென்றே சண்டை பிடித்து, அவர் என் முகத்தை ஒரு தடவை நன்றாக முறைத்துப் பார்த்தபிறகே லாட்ஜுக்குத் திரும்புகிறேன்.