மோந்து பார்த்து வாங்கிய லேப்டாப்

லேப்டாப்பைத் தலைகீழாகப் பிடித்து, காற்றுத் துளையில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார் சென்னியப்பன். கருகல் வாடை துளியும் இல்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. நன்றாகத் துடைத்து வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, கடைக்காரர் சிக்கந்தரை ஓரக்கண்ணால் பார்த்தார்.

பழைய மோட்டார் வாங்குகிறவர்களின் வழக்கம் அது. உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் வெந்து போயிருந்தால் வாடை காட்டிக்கொடுத்துவிடும். சென்னியப்பனுக்குத் தொழில், தோட்டந்தோட்டமாகப் போய்ப் பம்புசெட்டுக்கு எஸ்டிமேட் போடுவது. சிங்காநல்லூரிலிருந்து உடுமலைப்பேட்டை வரைக்கும் மொபெட்டிலேயே போவார். கிணற்று ஆழம் பார்த்து, பைப் நீளம் அளந்து, வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டு, டைப் அடித்த தாளோடு மறுபடியும் போய் நிற்பார். தொண்ணூற்றேழில் அதற்கு வேட்டு விழுந்தது. ஒரு கம்பெனிக்காரன் தோப்புக்குள்ளேயே லேப்டாப்பைத் திறந்து, விவசாயி வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்து முடிப்பதற்குள் எஸ்டிமேட்டை நீட்டிவிடுகிறான். வாடிக்கைகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் சாய்ந்தன. வருகிற கோடையும் கைவிட்டுப் போனால் அவனிடமே சம்பளத்துக்குப் போய் நிற்க வேண்டியதுதான்.

அந்தப் பயம் ஒரு பக்கம் இருந்தாலும் சந்தேகம் விடுகிறதா? மனிதர் பெட்ரோல் பங்கில் வண்டியை விட்டு இறங்கி, மீட்டருக்கு முன்னால் குத்தவைத்து உட்காருவார். தேங்காயைத் தானும் ஆட்டிப் பார்ப்பார். கடைக்காரரையும் ஆட்டச் சொல்லித் தள்ளி நின்று கேட்பார். ஒரு டாக்டர் எழுதிய மருந்தை இன்னொரு டாக்டரிடம் காட்டாமல் விழுங்கியதில்லை. புதுப் பெயின்ட் அடித்த ஓட்டை மோட்டாரை ஒருத்தன் தலையில் கட்டியதிலிருந்து இப்படி. சூடு கண்ட பூனை.

தானும் ஒரு லேப்டாப் வாங்கிவிட, காந்திபுரத்தில் இருந்த சிக்கந்தரின் கம்ப்யூட்டர் கடைக்குச் சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுவார். புது லேப்டாப் விலையைக் கேட்டதும் அதைத் தொடவே இல்லை. அடுத்தது ஒல்லியாக, கலர் திரையோடு, பார்க்க லட்சணமாக இருந்தது. கரன்ட் வயரைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தார். சொல்லிவிட்ட டீ வருவதற்குள் அது உயிரை விட்டது. தோப்பில் பிளக்குக்கு எங்கே போவது? மூன்றாவதுதான் அவர் மோந்து பார்த்தது. தடியான பழசு, கறுப்பு வெள்ளைத் திரை. அதைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு இறங்கினார், வெயிலில் எழுத்துத் தெரிகிறதா என்று பார்க்க. சிக்கந்தர் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினார். எழுத்துத் தெரிந்தது. பேட்டரி தாக்குப் பிடித்தது. பிரின்டர் மாட்ட இடம் இருந்தது. கைக்கும் அடக்கமான விலை.

"இத்தன தோதான பொருள எதுக்குங்க விக்கோணும்?" என்றார்.

ஒரு ஆடிட்டர் கலர் வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்துவிட்டதாகச் சிக்கந்தர் சொன்னார். சென்னியப்பன் விடுவாரா? ஆடிட்டர் வீட்டைத் தேடிப் போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மேஜை மேல் கலர் லேப்டாப் இருந்தது. ரெண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று முடிவு கட்டித் திரும்பினார். வெள்ளிக்கிழமை தாண்டினால் அதைத் திருப்பூர் பார்ட்டி எடுத்துப் போய்விடும் என்றார் சிக்கந்தர். எல்லா வியாபாரியும் சொல்கிற பேச்சுத்தானே அது என்று இவர் சிரித்தார்.

அவருடைய மனைவி சாந்தாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. "நீங்க சந்தேகப்பட்டு முடிக்கறதுக்குள்ள கோடையே முடிஞ்சுபோயிருமுங்க" என்றாள், சோற்றைப் போட்டபடியே.

வெள்ளிக்கிழமை காலையில், அம்மனிடம் பூக் கேட்டுவிடலாம் என்று இறங்கி வந்து, சாந்தாமணியோடு கோயிலுக்குப் போனார். வெள்ளை ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் வாங்கலாம் என்று உத்தரவு; சிவப்பு வந்தால் வேண்டாம். பூசாரி கட்டிய பொட்டலத்தை அவர் நம்பமாட்டார். சாந்தாமணி வீட்டிலேயே வாழையிலைக் கிழிசலில் கட்டி எடுத்து வர வேண்டும். ஊரில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் அவள்தான்.

கும்பிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளரளி.

சந்தோஷம் வந்தது. வந்த சூட்டிலேயே உறுத்தலும் வந்தது. இத்தனை சுலபமாகவா? எடுக்காத பொட்டலத்தை அவர் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. இன்றைக்குக் கை தானாகப் போயிற்று.

அதுவும் வெள்ளை.

திரும்பிப் பார்த்தார். பொட்டலங்களைக் கட்டிய சாந்தாமணி கண்ணை இறுக மூடி நின்றிருந்தாள். அந்த இரண்டாவது பூவை மெல்லச் சட்டைப் பைக்குள் போட்டார். வெறும் இலையை முன்னிருந்தபடியே மடித்து, நாரைச் சுற்றி, அம்மன் காலடியில் வைத்தார்.

"கண்ணத் தொற, அம்மணி. வெள்ளதான் வந்துருக்குது" என்று சொல்லி, கையிலிருந்த முதல் பூவை அவளிடம் நீட்டினார்.