நபீலா டீச்சரும் கோழி எலும்பும்

கோழி கழுவிக்கொண்டிருந்த கையோடுதான் போனை எடுத்தேன். "நபீலா டீச்சர் மௌத்தாப் போயிட்டாங்க" என்று எங்கள் பள்ளி அதிபர் மரணச் செய்தியைச் சொன்னார். டீச்சர் படிப்பித்தது விஞ்ஞானம், நான் மனையியல். ஆசிரியர் அறையில் பதினாறு வருடம் பக்கத்துக் கதிரைகளில் இருந்தோம். கைகழுவக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்துவிட்டேன்.

கல்யாண வீடுகளில் அவருடைய சஹனில் உட்காரப் பலருக்கும் பயம், ஊருக்கே தெரிந்ததுதான். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் அந்தத் தட்டில், கோழி நெஞ்சிலிருக்கும் கவட்டை எலும்பை முதலில் தேடி எடுத்துவிடுவார். கண்டக்குழி ஊரில் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் மாமியிடமே அதை நீட்டினார்.

"இதே எலும்பு டைனோசருக்கும் இருந்திச்சு. எல்லாம் மலை மாதிரி இல்ல. கோழியளவுல, இறகோட, இறைச்சி தின்னுற சாதியும் இருந்திச்சு. அந்த இறகு கல்லுல அப்பிடியே பதிஞ்சிரிக்கு. அந்த வழியில வந்ததுதான் இது."

"அப்ப நாங்க தின்னுறது டைனோசரா?"

"ஓம். மரியாதையா மென்னு தின்னுங்க."

ஒருநாள் ஆசிரியர் கூட்டத்தின் நடுவே, வெளியே ஒரு கோழி ஓணானைத் துரத்தியது. டீச்சர் அதிபரின் பேச்சைக் கையமர்த்திவிட்டு, "அந்த நடையப் பாருங்க, சேர்! பரம்பரை நடை" என்றார். அதிபரும் எட்டிப் பார்த்தார்.

என் மகளின் கல்யாணத்தில் மருமகனின் உம்மா இருந்த சஹனில் டீச்சரை உட்கார வைத்தேன். புத்தளம் டவுனில் பெரிய குடும்பம், எனக்கு உதறல். "டீச்சர், இண்டைக்கு மட்டும் எலும்புக் கதை வேணாம்" என்று காதில் சொன்னேன். "சரி தங்கச்சி" என்றவர், சோற்றைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்தார். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அதை நினைக்க இன்று வெட்கமாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்க நினைத்து நினைத்தே நாளைக் கடத்திவிட்டேன்.

டீச்சருக்காக ஓதிய நாற்பதாம் நாள் கத்தத்தின் சாப்பாட்டில் அதே சம்பந்தியோடு ஒரே சஹனில் இருந்தேன்.

"டீச்சர்ட எலும்புக் கதையக் கேக்கத்தான் அண்டைக்கு ஆசையா இருந்தேன். அவங்க வாயே தொறக்கல்லயே, ஏன்?" என்று கேட்டார்.

"நான்தான் வேணாமெண்டேன்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். பிறகு சஹனில் துழாவி அந்த எலும்பை எடுத்து, அவரிடம் நீட்டினேன். "இதே எலும்பு டைனோசருக்கும் இருந்திச்சு…"

டீச்சரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்தக் கதைதான். இனி என் சஹனில் உட்காருபவர்கள் இதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.