ஒரு பிடி கூடுதல்

உரம் தூவ ஆள் வேண்டுமென்றால் அந்த வட்டாரத்தில் முதலில் தாராளக்கையைத்தான் தேடுவார்கள். பட்டப்பெயர் சும்மா வரவில்லை. ஏக்கருக்கு இவ்வளவுதான் என்று யார் சொன்னாலும் மனுஷன் சட்டை செய்யமாட்டார். "பயிர்கிட்டப் போய்க் கஞ்சத்தனம் பண்ணலாமாய்யா?" என்று ஒரு பிடி யூரியாவைக் கூடவே வீசுவார். பயிர் கருகருவென்று நிற்கும். மழை பெய்யும்போது வேர் தின்றது போக மிச்சம் மண்ணுக்குள் இறங்கும். அது எங்கே போகிறது என்று எவன் கேட்டான்? அமோக விளைச்சலைப் பார்த்து வாயைப் பிளந்ததோடு சரி.

அவர் வீடு வயலை ஒட்டினாற்போல இருந்தது. கொல்லையில் கிணறு, தண்ணீர் பளிங்கு மாதிரி. மனைவி போய்ச் சேர்ந்தபின் சமையலும் அவர்தான். பிள்ளை பெற்ற மகள் கைக்குழந்தையோடு வந்து தங்கினாள். தாய்ப்பால் போதாமல் பால்மாவு கரைக்க வேண்டியதாயிற்று. பேத்திக்குத் தண்ணீர் காய்ச்சும் வேலையை வேறு யாரிடமும் விடவில்லை அவர். ஒரு கொதி வந்தால் அடுப்பை அணைக்கிற ஆளா? பாத்திரம் பாதியாக வற்றினால்தான் திருப்தி. இதிலும் அவருக்குத் தாராளம்தான்.

"போதும்ப்பா, கேஸ் தீரப்போகுது."

"தீரட்டும். உன் மகளைவிட கேஸ் பெருசா?"

குழந்தைக்கு முதலில் உதடு நீலம் பாய்ந்தது. அப்புறம் விரல் நுனிகள். குளிர் என்று நினைத்து இன்னொரு துணி சுற்றினார்கள், பாவிகள். ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தம் காப்பி நிறத்தில் இருந்தது. பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கிணற்றுத் தண்ணீரைச் சோதித்த டாக்டர், சில நாள் கழித்து அவரை மட்டும் கூப்பிட்டார். "தண்ணியில நைட்ரேட் ஏகத்துக்கும் இருக்கு. கைக்குழந்தை ரத்தத்துக்கு அது விஷம். வயல்ல போடுற யூரியாதான் மண்ணுல இப்படி மாறி, மழையில இறங்கிக் கிணத்துக்கு வருது. கொதிக்க வெச்சா கிருமி சாகும் பெரியவரே, இது சாகாது. தண்ணி ஆவியாப் போயிடும், இது அப்படியே நிக்கும். வத்த வத்த இன்னும் அதிகமாகும்."

வயலுக்குப் போவதை அவர் நிறுத்திவிட்டார். மகளிடம் ஏதோ ரத்தக் கோளாறு என்று மழுப்பினார்.

ஒரு மத்தியானம் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க சாப்பிடாம இப்படிக் கிடக்காதீங்கப்பா. உங்களால ஆனதெல்லாம் செஞ்சீங்க. இனிமே ஒண்ணு பிறந்தாலும் இங்கதான் வருவேன். தண்ணிய இன்னும் நல்லா வத்தக் காய்ச்சிக் கொடுப்போம்."

இதற்குமேலும் எப்படி மறைப்பார்? சொல்லிவிட்டார். மழை, கிணறு, அந்த ஒரு பிடி, அடுப்பு, எல்லாவற்றையும்.

மகள் தன் மடியிலிருந்த அவர் கையை எடுத்து மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.