தொட்டி தெரிகிறதா?

எங்கள் ஊர் குயிக்தாக்கிலிருந்து, ஆஸ்பத்திரி இருக்கும் பெத்தேல் நகரத்துக்கு எண்பது மைல். சாலை கிடையாது. சின்ன விமானத்தில் முப்பத்தைந்து நிமிடம். அந்த விமானத்தை இறக்குவதும் ஏற்றுவதும் ஓலிங்காவின் வேலை. ஓடுதளத்தில் பனி தள்ளுவாள், சாமான் இறக்குவாள், தாமதமாக வருகிறவனை வாய் வலிக்கத் திட்டுவாள். நானும் வாங்கியிருக்கிறேன்.

பெத்தேலில் விமானி கிளம்புவதற்கு முன் ரேடியோவில் கேட்பது ஒரே கேள்விதான்: "தொட்டி தெரியுதா?" ஆற்றோரம், நாங்கள் விட்டுவந்த பழைய ஊரில் நின்ற பெரிய எண்ணெய்த் தொட்டி அது. இங்கிருந்து இரண்டு மைல். அது கண்ணுக்குத் தெரிந்தால் இறங்கலாம், தெரியாவிட்டால் வரக்கூடாது. அதற்கு மேல் எங்களுக்கு வானிலை அறிக்கை எதுவும் தேவைப்பட்டதில்லை.

அந்த மார்ச் மாதம் ஓலிங்காவின் கணவர் வாசிலிக்கு வயிற்றுவலி வந்தது. இரண்டே நாளில் வயிறு கல்லாகிவிட்டது. உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் பிழைக்கமாட்டார் என்று சுகாதார நிலையப் பெண் சொல்லிவிட்டாள். மூடுபனி கட்டியிருந்தது. ஓலிங்கா ஓடுதளத்தில் கையடக்க ரேடியோவோடு நின்றாள். மற்றொரு ரேடியோ வீட்டில், வாசிலியின் கட்டிலருகே. நான் அவர் பக்கத்தில் இருந்தேன்.

பெத்தேலிலிருந்து ஃப்ரிட்ஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டான். ஓலிங்காவின் அக்கா மகன்; அவன்தான் விமானி. "தெரியுது, வா" என்றாள் ஓலிங்கா. கிளம்பிவிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் வந்தது. இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஃப்ரிட்ஸ், திரும்பிப் போயிடு. தொட்டியை மாத்திட்டோம்டா. கரை இடியுதுன்னு போன மாசம் ஐஸ் மேல ஊர்ப்பக்கம் இழுத்து வச்சோம். இப்ப அது அரை மைல்லதான் இருக்கு, அதுக்கு மேல ஒண்ணும் தெரியல."

அந்தத் தொட்டிக்குக் கயிறு கட்டி இழுத்தவர்களில் நானும் ஒருவன். ஊரே இழுத்தது. தெரிகிறதா என்று கேட்டால் தெரிகிறது என்று சொல்லியே எங்களுக்குப் பழகிவிட்டது. ஒரு மடையனுக்கும் உறைக்கவில்லை.

"சித்தி, பாதி தூரம் வந்துட்டேன். சித்தப்பா என்ன ஆவாரு? நான் இறங்கிப் பாக்குறேன்."

ரேடியோ வெறுமனே இரைந்தது. அப்படிப்பட்ட மூடுபனியில் இறங்கப் பார்த்த இருவரை நாங்கள் ஏற்கெனவே புதைத்திருக்கிறோம். வேண்டாம் என்று ஓலிங்கா ஒரு முறை சொல்லிவிட்டாள். மறுமுறை சொல்ல எந்த மனைவியால் முடியும்?

வாசிலி கையை நீட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தேன். மைக்கை எடுத்து அழுத்தினார்.

"ஃப்ரிட்ஸ், நான்தான் பேசுறேன். சித்தி சொன்னா கேக்க மாட்டியா? திரும்புடா."

நான் அதிர்ந்துபோய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஃப்ரிட்ஸ் பெத்தேலில் இறங்கிவிட்டான் என்று தெரியும்வரை மைக்கைக் கீழே வைக்கவும் இல்லை.

ஓலிங்கா உள்ளே வந்தாள். இமையெல்லாம் பனி. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் விடவில்லை.

"விமானம்தான் வரலையே. இன்னைக்காவது என் பக்கத்துல உக்காரு."

மறுநாள் மூடுபனி கலைவதற்குள் வாசிலி போய்விட்டார். மத்தியானம் ஃப்ரிட்ஸ் வந்து இறங்கியபோது ஓடுதளத்தில் ஆள் இல்லை. அவள் கட்டிலருகிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.