மச்சானின் தூங்காத லேப்டாப்

லேப்டாப் ரிப்பேர் தொழிலுக்கு வந்தபோது செத்ததை எழுப்புவதுதான் கஷ்டம் என்று நினைத்தேன். உயிரோடு இருப்பதைத் தூங்க வைப்பதற்குள் நம் உயிர் போய்விடுகிறது. மூடி வைத்துவிட்டுப் போய், வந்து திறந்தால் சொட்டு சார்ஜ் இல்லாமல் முழித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள்.

பைக்குள் அடுப்பு

காரைக்குடியில் என் கடை. ஆத்தங்குடியில் என் மனைவியின் அண்ணன் சிதம்பரத்துக்கு டைல்ஸ் பட்டறை. ஒரு திங்கட்கிழமை அவர் பையிலிருந்து எடுத்த லேப்டாப் தோசைக்கல் மாதிரி கொதித்தது. முழு சார்ஜ் ஏற்றி, மூடித் தூங்க வைத்துத்தான் பஸ் ஏறினாராம். வந்து சேர்வதற்குள் காலி. வியாழக்கிழமை சென்னையிலிருந்து ஒரு ஆர்க்கிடெக்ட் அம்மா வருகிறார். டிசைன்களைக் காட்டி அவருக்குப் பிடித்துவிட்டால் ஒரு பெரிய ஓட்டலின் தரை முழுக்க மச்சான் பட்டறைக்கு. "லேப்டாப்பை மாப்பிள்ளை பாத்துக்குவாரு" என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். சொதப்பினால் மாமியார் வீட்டுப் பக்கம் நான் தலைகாட்ட முடியாது.

வயரில்லாத மவுஸின் ரிசீவர், நகம் அளவு, லேப்டாப்பிலேயே சொருகியிருந்தது. மவுஸும் அதே பைக்குள். பஸ் குலுங்கும்போதெல்லாம் மவுஸ் அசைந்து லேப்டாப்பை எழுப்பியிருக்கிறது. "மூடுறதுக்கு முன்னால இதைக் கழட்டிருங்க மச்சான்" என்றேன்.

"அம்புட்டுச் சின்னதக் கழட்டி எங்குட்டு வைக்க மாப்பிள்ளை? தொலஞ்சா நீங்க வந்து தேடித் தருவீகளா?"

வடகிழக்கு

நியாயம்தான். மவுஸ் அசைந்தாலும் எழக்கூடாது என்று செட்டிங்கை மாற்றி, குலுக்கிப் பார்த்து அனுப்பினேன். புதன்கிழமை மறுபடி வந்தார், மறுபடி கொதிப்பு. ரிசீவர் வேறு ஓட்டைக்கு மாறியிருந்தது. அந்த லேப்டாப்பில் ஒவ்வொரு ஓட்டைக்கும் செட்டிங்கைத் தனித்தனியாக மாற்றி வைக்க வேண்டும். ஏன் மாற்றினார்? பட்டறைக்கு வாஸ்து பார்க்க வந்தவர் வடகிழக்கில் சொருகச் சொன்னாராம். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. பஸ் ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது லேப்டாப்பின் திசையும் மாறுமே என்று கேட்டேன். மச்சான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பஸ்ஸுல அது மூடித்தான இருக்கு. பூட்டிக் கெடக்குற வீட்டுக்கு எவன் மாப்பிள்ளை வாஸ்து பாப்பான்?"

வியாழக்கிழமை

லேப்டாப்பைக் கடையிலேயே வைத்துக்கொண்டேன். வியாழன் காலை, அதில் சொருகியிருந்த அத்தனையையும் பிடுங்கி மேசையில் போட்டு, மூடி, நானே மடியில் வைத்துக்கொண்டு மச்சானோடு ஆட்டோவில் போனேன். அந்த அம்மா தங்கியிருந்த விடுதியில் இறங்கியதும் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. எனக்கு அப்படி ஒரு பெருமை. அப்போது மச்சான், "பென்டிரைவைக் குடுங்க, டிசைனெல்லாம் அதுலதான இருக்கு" என்றார்.

நான் பிடுங்கிப் போட்டதில் அதுவும் ஒன்று. கடை மேசையில் கிடக்கிறது. மச்சானுக்கு என் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது, ஆனால் திட்டவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்த நாலு டைல்ஸை எடுத்து அந்த அம்மா முன்னால் பரப்பினார். அந்த அம்மா தடவிப் பார்த்தார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், படமே வேண்டாம் என்று அங்கேயே ஆர்டரைச் சொல்லிவிட்டார். நிம்மதியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று மச்சானுக்குக் காட்டவாவது செய்வோம் என்று லேப்டாப்பின் மூடியில் கை வைத்தேன். அவர் தடுத்தார்.

"வேணாம் மாப்பிள்ளை. பாவம், இன்னைக்குத்தேன் அசந்து தூங்குது, எழுப்பாதீக."

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த முழு வெற்றி அது ஒன்றுதான், அதையும் யாரும் திறந்து பார்க்கவில்லை.