நடுவில் நின்ற காய்

எங்கள் கேரம் கிளப்பில் பூலோகம் அண்ணனின் வலது கைக்கு எல்லோருக்கும் பயம். பை தைக்கும் பட்டறையில் தோல் வெட்டுகிற கை. தங்கை கீதாவை அடித்ததற்காக அவள் புருஷன் இசக்கியின் தாடையை உடைத்ததும் அதே கைதான். அன்று குறுக்கே வந்து தடுத்த கீதாவைத் தள்ளிவிட்டுத்தான் அடித்தார். அவள் ஏணிப்படியில் விழுந்ததில் முழங்கை பிசகியது.

இன்னொரு முறை கை நீட்டினால் உள்ளே தள்ளிவிடுவோம் என்றது போலீஸ். கீதாவும் பிள்ளைகளும் இப்போது அவர் சம்பாத்தியத்தில்தான் சாப்பிடுகிறார்கள். கையைக் கட்டிப்போட்டாக வேண்டும்.

அதற்காகத்தான், கப்பல் வேலையை விட்டு வந்திருந்த வெங்கடேஷ், அங்கே பழகிய சீனச் சதுரங்கத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். சீனக் காய்களுக்கு எங்கே போவது? தேய்ந்த கேரம் காய்களின் மேல் ராஜா, குதிரை, பீரங்கி, சிப்பாய் என்று பெயின்டில் எழுதிக்கொண்டார்கள். அதுதான் வினை. பழக்கதோஷத்தில் அண்ணன் பீரங்கியைச் சுண்ட, அது வெங்கடேஷின் உதட்டைக் கிழித்தது.

"ஏல மூதி, நகத்துன்னா சுண்டுத?"

"பீரங்கின்னா சுடத்தானல செய்யும்!"

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே வெங்கடேஷ் விதிகளைச் சொன்னார். இரண்டு ராஜாக்களும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளக் கூடாது. நடுவில் ஒரு காயாவது நிற்க வேண்டும். சிப்பாய்க்குப் பின்வாங்கத் தெரியாது. பீரங்கி வெட்ட வேண்டுமென்றால் நடுவில் ஒரு காய் வேண்டும்; அதைத் தாண்டித்தான் வெட்டும்.

அண்ணனுக்கு முதல் விதி மட்டும் பிடித்துப்போனது. "அப்ப நடுவுல ஆள் நிக்கிற வரைக்கும் சண்டை கெடையாது. அதான?"

"பீரங்கிய மறந்துராதல."

"அட, போல."

மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இசக்கி கிளப்புக்கு வந்தான். தாடை கோணலாகவே கூடியிருந்தது. கையில் சுத்தியல்.

"வெளிய வால மச்சான்! பாஹர் ஆ!" என்று தமிழிலும் இந்தியிலும் கத்தினான்.

அண்ணன் வாசலுக்கு வந்தார். எதிர்வீட்டிலிருந்து ஓடிவந்த கீதா இருவருக்கும் நடுவில் நின்றாள். அண்ணனின் கை அவள் தோள்வரை போனது. தள்ளவில்லை. திரும்பிவந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது.

இசக்கி அவள் தலைக்கு மேலாகச் சுத்தியலை எறிந்தான்.

அண்ணனின் வலது கண்ணில் விழுந்தது. கன்ன எலும்பு நொறுங்கிய சத்தம் பலகையைச் சுற்றி நின்ற எங்களுக்குக் கேட்டது. சரிந்து உட்கார்ந்தார். கை நிலையை விடவில்லை. ரத்தம் முழங்கையில் வழிந்தது.

இசக்கி சிரித்தபடி ஓரடி எடுத்துவைத்தான். கீதா குனிந்து சுத்தியலை எடுத்தாள். எல்லோரும் அவள் உள்ளே ஓடுவாள் என்றுதான் நினைத்தோம். அவள் முன்னால் போனாள். மணிக்கட்டில் ஒன்று. அவன் அலறிக்கொண்டு விழுந்த பிறகு, அதே மணிக்கட்டில் இன்னொன்று.

"இந்தக் கைதானல? சொல்லுல, இதுதானல?"

பெண்கள் சேர்ந்து இழுத்துத்தான் அவளைப் பிரிக்க முடிந்தது.

கேஸ் கீதா மேல் விழுந்தது. அண்ணனுக்கு ஒரு கண் போயிற்று. அவள் ஜாமீனில் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு எதிரே உட்கார்ந்து ஆடுகிறாள். அவருக்குக் கண் தெரியாத பக்கமாகவே பீரங்கியை நகர்த்துகிறாள்.

"ஏட்டி, நான் பொறுத்துக்கிட்டது ஒனக்காகத்தான. நீ போயி கைய நீட்டிட்டியே?" என்று போன வாரம் கேட்டார்.

கீதா பலகையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"ஒனக்கு மட்டுந்தான் கை இருக்குன்னு நெனச்சியா? ஆடு."